மாதம் 69 ரூபாய் ஹோஸ்டிங்: ஒரு சபரிமலை சீசன் முழுக்க வைத்துப் பார்த்த பிறகு எழுதுவது

கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் எங்கள் கடையிலிருந்து இரண்டு கடை தள்ளி ஒரு சேட்டன் ஹோம்ஸ்டே நடத்துகிறார். போன வருஷம் மழை விட்ட ஒரு காலையில் அவர் ஏணி போட்டு ஏறி, காம்பவுண்டுச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்த தன் வெப்சைட் முகவரியைத் தார் பூசி அழித்துக்கொண்டிருந்தார். என்ன சேட்டா என்று கேட்டதும் இறங்கி வந்து போனைத் திறந்து காட்டினார். அந்த முகவரியில் ரம்மி விளம்பரம் ஓடுகிறது. சைட் செய்து கொடுத்த பையன் டொமைனை, அதாவது அந்த வெப்சைட் முகவரியை, தன் பெயரில், தன் மெயில் ஐடியில் வாங்கியிருக்கிறான், அப்புறம் வளைகுடாவுக்குப் போய்விட்டான், காலாவதி ஆகப்போகிறது என்று வந்த மெயில் எல்லாம் அவனுக்கே போயிருக்கிறது. டாட் காம் முகவரி கெடு முடிந்த அன்றே பறிபோய்விடாது. பதிவு நிறுவனம் கொடுக்கும் அவகாசம் அதிகபட்சம் 45 நாள், அதன்பின் கூடுதல் அபராதம் கட்டி மீட்டுக்கொள்ள 30 நாள், கடைசியாக அழிப்புக்கு 5 நாள். இவருக்கு விஷயம் தெரிந்தபோது அதெல்லாம் தாண்டிப் போய், வேறு யாரோ அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள்.

எங்கள் ஏலக்காய்க் கடைக்கு வெப்சைட் வேண்டும் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. கம்பத்தில் ஒரு தம்பி 12,000 ரூபாய்க்கு எல்லாம் முடித்துத் தருகிறேன் அக்கா என்று சொல்லியிருந்தார். சேட்டனின் சுவரைப் பார்த்த பிறகு, எத்தனை நாள் ஆனாலும் சரி, என் மெயிலில் என் கார்டில் நானே செய்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது பில் போடுவதும் எக்செல்லும்தான். ஆவணியில் தொடங்கி, கார்த்திகை ஒன்றாம் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் சைட் ஓட ஆரம்பித்தது. சீசன் முடிந்து மூச்சு விட நேரம் கிடைத்திருப்பதால் இதை எழுதுகிறேன். நிறுவனங்களின் பெயரைப் போடவில்லை. அதே விலைப் பலகையும் அதே நட்சத்திரக் குறியும் பத்து இடத்தில் இருக்கின்றன, எங்கே போனாலும் இந்தக் கதை பொருந்தும்.

டொமைனை ஒரு இடத்திலும், ஹோஸ்டிங்கை, அதாவது சைட்டின் ஃபைல்களை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடத்தை, வேறு இடத்திலும் வாங்கினேன். ஹோஸ்டிங் எடுத்தால் டொமைன் ஒரு வருஷம் இலவசம் என்று எல்லோரும் போடுகிறார்கள். நான் பார்த்த பிளானில் அந்த இலவசத்தின் அடியில் இரண்டாம் வருஷ விலையைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள், வெளியே வாங்குவதைவிட 150 ரூபாய் அதிகம். அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஹோஸ்டிங்காரரோடு சண்டை வந்தால் கடையைக் காலி செய்துகொண்டு போகலாம், ஆனால் பெயர்ப் பலகையும் அவர் கையிலேயே இருந்தால் என்ன செய்வது? ஏலமலையில் இருக்கிறவர்களுக்கு நிலப் பட்டயத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. டொமைன் குத்தகைதான், யாருக்கும் நிரந்தரப் பட்டயம் கிடையாது, ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து வருஷத்துக்குக் கட்டலாம், அவ்வளவே. அந்தக் குத்தகைச் சீட்டில் இருக்கும் பெயர் உங்கள் பெயராக இருக்க வேண்டும், மெயில் உங்கள் மெயிலாக இருக்க வேண்டும்.

பெயர் தேடுவதில்தான் இரண்டு வாரம் போனது. ஏலக்காயை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள் பார்ப்போம். இ-யில் ஆரம்பிப்பதா ஒய்-யில் ஆரம்பிப்பதா, கே ஒன்றா இரண்டா, கடைசியில் ஐ-யா ஒய்-யா. எங்கள் கடைக்கு வருகிற மலையாளிகளுக்கு அது ஏலக்கா, அவர்கள் கடைசி எழுத்தையே போட மாட்டார்கள். போனில் ஒரு சென்னை வாடிக்கையாளருக்கு முகவரி சொல்லிப் பார்த்தேன், மூன்று தடவையும் மூன்று விதமாக அடித்தார். தமிழிலேயே முகவரி வைக்கலாமே என்று மகள் சொன்னாள். டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடிகிற முகவரி இருக்கிறது, டாட் இன் முகவரிகளை நிர்வகிக்கும் நிக்ஸிதான் அதையும் பார்த்துக்கொள்கிறது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் உள்ளுக்குள் அதை எக்ஸ், என், இரண்டு கோடு, பிறகு புரியாத எழுத்துக்கள் என்று மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது, சில இடங்களில் அனுப்பும்போது அந்த உருவமே வெளியே தெரிந்துவிடுகிறது. அதைப் பார்க்கிற வாடிக்கையாளர் ஏதோ மோசடி லிங்க் என்று நினைப்பார். கடைசியில் ஏலக்காயை விட்டுவிட்டு, மாமனார் பெயரின் முதல் பாதியையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் பத்து எழுத்தில் ஒன்று பிடித்தேன். டாட் காம் 1,049, டாட் இன் 499, வரியோடு 1,827 ரூபாய். டாட் இன் அடுத்த வருஷம் 849 ஆகும் என்று அங்கேயே எழுதியிருந்தது, அந்த நேர்மை பிடித்திருந்தது.

டொமைன் கம்பெனி மேல் ஒரே குறை, வாங்கும் பட்டியலில் கேட்காமலே இரண்டு டிக் போட்டு வைத்திருந்தார்கள், ஏதோ பாதுகாப்பு, ஏதோ மெயில் பெட்டி. எடுத்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். தகவல் மறைப்பு என்று ஒன்று இருந்தது, வாங்கியவரின் போன் எண்ணும் மெயிலும் வெளியாட்களுக்குத் தெரியாமல் மறைப்பது, டாட் காமுக்கு இலவசம்தான், அதையும் அவசரத்தில் எடுத்துவிட்டேன். அது என் தப்பு. மறுநாளிலிருந்து வெப்சைட் செய்து தரவா மேடம், கூகுளில் முதல் இடம் வேண்டுமா மேடம் என்று டெல்லியிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் போன், ஒரு வாரம் கடை எண்ணை மகனிடம் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தேன். இன்னொன்று, டாட் காம் வாங்கியதும் மெயிலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு லிங்க் வரும். விளம்பரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், 15 நாளுக்குள் அழுத்தாவிட்டால் டொமைன் முடங்கிவிடும்.

சரி, ஹோஸ்டிங்.

விளம்பரத்தில் மாதம் 69 ரூபாய். உள்ளே போனால் அந்த 69 என்பது 48 மாதத்துக்கு மொத்தமாக இன்றைக்கே கட்டினால்தான். 3,312 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் வரி, ஆக 3,908. ஒரு வருஷத்துக்கு மட்டும் எடுத்தால் மாதம் 149, வரியோடு 2,110. புதுப்பிக்கும்போது மாதம் 329 என்று வேறொரு பக்கத்தில் இருந்தது, அதாவது அடுத்த வருஷம் வரியோடு 4,659. முதல் வருஷக் கட்டணத்தின் இரட்டிப்புக்கும் மேல். இங்கே சீசனில் முதல் தடவை வரும் சாமிகளிடம் ஒரு விலை, தெரிந்த முகத்துக்கு ஒரு விலை என்று விற்கிற கடைகள் உண்டு. அவர்கள்கூடத் தெரிந்த முகத்துக்குக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். நான் ஒரு வருஷத்துக்கே எடுத்தேன். நாலு வருஷத்துக்குக் கட்டுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கணக்கு அவர்கள் பக்கம்தான், ஆனால் பிடிக்காவிட்டால் 30 நாளுக்கு மேல் ஒரு பைசா திரும்பி வராது என்பதையும் படித்துவிட்டுக் கட்டட்டும்.

பில் விஷயம் எல்லைக்காரர்களுக்கு மட்டும். எங்கள் வீடு கம்பம், கடை குமுளி. நடுவில் ஒரு மலைப்பாதைதான், ஆனால் ஜிஎஸ்டியில் இரண்டு உலகம், தமிழ்நாட்டு எண் 33-இல் தொடங்கும், கேரள எண் 32-இல். கார்டின் பேரில் இருக்கும் வீட்டு முகவரியைப் போட்டுவிட்டுக் கடையின் 32 எண்ணைக் கொடுத்தேன், ஃபாரம் மாநிலம் பொருந்தவில்லை என்று திரும்பத் திரும்பத் தள்ளியது. எரிச்சலில் எண்ணை எடுத்துவிட்டு வெறும் ஆளாகப் பணம் கட்டினால், அந்த 18 சதவீதத்தை நீங்கள் வரிக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. பில் முகவரியில் கடையின் முகவரியைப் போடுங்கள், கார்டின் முகவரி வேறாக இருந்தாலும் பணம் போய்விடுகிறது. எனக்கு இது சாட்டில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது, அந்த ஒரு உதவிக்கு அவருக்கு முழு மார்க்.

பணம் கட்டும் பக்கத்திலேயே சர்வர், அதாவது நம் சைட் இருக்கப்போகும் கம்ப்யூட்டர், எந்த நாட்டில் என்று ஒரு பெட்டி இருக்கிறது, தானாக அமெரிக்கா என்று நிற்கும். மும்பை என்று மாற்றினேன். கவனிக்காமல் விட்டால், தேனியில் இருக்கிறவர் ஏலக்காய்ப் படம் பார்க்கக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் கேள்வி கடல் தாண்டிப் போய் வர வேண்டும்.

அப்புறம் நேம்சர்வர், அதாவது முகவரியை அடித்தால் எந்த ஹோஸ்டிங்கில் போய்த் தேட வேண்டும் என்று சொல்லும் குறிப்பு. ஹோஸ்டிங்காரர் கொடுத்த இரண்டு வரிகளை டொமைன் வாங்கிய இடத்தில் ஒட்ட வேண்டும், வேலை இரண்டு நிமிஷம். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ராத்திரி வீட்டில் வைஃபையில் சைட் தெரிகிறது, எல்லோருக்கும் காட்டினேன். காலையில் மலை ஏறிக் கடைக்கு வந்து வேலை செய்யும் பெண்களிடம் காட்டப் போனால், கடை போனில் இந்த முகவரி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று பழைய பக்கம் நிற்கிறது. கம்பத்தில் இருக்கிற சைட் குமுளியில் இல்லை! செக்போஸ்டில் பிடித்து வைத்துவிட்டார்கள் போல என்று சேச்சி ஒருவர் சிரித்தார். காரணம் சாதாரணம். ஒவ்வொரு நெட்வொர்க்கும் பழைய முகவரியைக் கொஞ்ச நேரத்துக்கு நினைவில் வைத்திருக்கும், அந்தக் கெடு முடிந்தால்தான் புதிதாகக் கேட்கும். 48 மணி நேரம் வரை ஆகும் என்று சொல்லியிருந்தார்கள், மதியத்துக்குள் வந்துவிட்டது.

முகவரிக்குப் பக்கத்தில் பாதுகாப்பற்றது என்று குரோம் எழுதியதற்கும் நான் பதறினேன். 2018-இலிருந்து பூட்டுச் சான்றிதழ் இல்லாத எல்லா சைட்டுக்கும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஹோஸ்டிங் கம்பெனியின் முகப்பில் வருஷம் 2,499 ரூபாய்க்கு எஸ்எஸ்எல் (அந்தப் பூட்டுச் சான்றிதழ்தான்) வாங்கு என்று ஒரு பெரிய பொத்தான். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலுக்குள் மூன்று அடுக்கு உள்ளே, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு கொடுக்கும் இலவசச் சான்றிதழ் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. 90 நாள் சான்றிதழ், தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது, எங்கள் மாதிரிக் கடைக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். இருப்பதைப் பின்னறையில் வைத்துவிட்டு முன்னால் விலைச் சரக்கை அடுக்குவது வியாபார தந்திரம்தான், நானும் வியாபாரிதான், இருந்தாலும் இதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.

சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸை ஏற்றுவது ஒரே சொடுக்கு. எனக்கு நாள் பிடித்தது தமிழ்தான். கம்பத்து அச்சகத்தில் அடித்த எங்கள் பழைய நோட்டீஸின் ஃபைலை வாங்கி ஒட்டினால் ஒரு எழுத்துகூடத் தமிழாக வரவில்லை, அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகக் கொட்டியது. அது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு முந்தைய ஃபாண்ட், அந்த ஃபாண்ட் இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும்தான் தமிழ். மாற்றித்தரும் கருவிகள் உண்டு, எங்களுடையது ஒரு பக்கம்தான் என்பதால் மகள் போனிலேயே திரும்ப அடித்துவிட்டாள். அடுத்து, நான் எடுத்த தீம், அதாவது பக்க வடிவமைப்பு, ஆங்கிலத்துக்கென்று செய்தது, வரிகள் நெருக்கம். தலைப்புகளில் புள்ளியும் மேல் கொக்கியும் பாதி வெட்டுப்பட்டு, காய் வகை என்று நான் பெருமையாக எழுதியது யாருக்கும் வாசிக்கவே வரவில்லை. வரி உயரத்தைக் கூட்டினால் சரியாகிவிடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி. தமிழ் ஃபாண்ட் நோட்டோ போட்டேன், படிக்க நன்றாக இருக்கிறது.

படங்களையும் சொல்லிவிடுகிறேன். எட்டு எம்எம் காய், ஏழு எம்எம் காய், பிளந்த காய் என்று போனில் எடுத்து அப்படியே ஏற்றினேன், ஒவ்வொன்றும் 5 எம்பி. பக்கம் திறப்பதற்குள் வாடிக்கையாளர் வண்டிப்பெரியாறு போய்ச் சேர்ந்துவிடுவார். அளவைக் குறைத்து 150 கேபிக்குள் கொண்டுவந்த பிறகுதான் மனுஷர் பார்க்கும் வேகம் வந்தது. இது போதாதென்று, ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை, பணம் திருப்பும் விதி, அனுப்பும் விதி, தொடர்பு முகவரி எல்லாம் தனித்தனிப் பக்கமாக இருந்தால்தான் சேர்ப்போம் என்றது, அதில் நாலு நாள்.

இனி சீசன். குமுளிக்காரர்களுக்குத் தெரியும், கூட்டம் மிஞ்சும் நாட்களில் ஏறும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பி விடுவார்கள், இறங்குகிறவர்கள்தான் குமுளி வழியாக வருவார்கள். மாலையைக் கழற்றப் போகிற அவசரத்தில் நின்று அரைக் கிலோ, கால் கிலோ வாங்குவார்கள். அவர்கள் கையில் முகவரி அச்சடித்த கவரைக் கொடுத்தேன். ஊர் போய்ச் சேர்ந்ததும் மறுபடி ஆர்டர் போடட்டும் என்பதுதான் திட்டம், போடவும் செய்தார்கள். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரைக் குருசாமி ஒருவர் தன் வாட்ஸ்அப் குழுக்களில் எங்கள் லிங்கைப் போட்டுவிட்டார். அன்றைக்குப் பார்த்து சைட் 508 என்று ஒரு எண்ணைக் காட்டிவிட்டு நின்றது. ரிசோர்ஸ் லிமிட் தாண்டிவிட்டதாம்.

சாட்டில் கேட்டேன். முதலில் வந்தவர் மேல் பிளானுக்கு மாறுங்கள் மேம், மாதம் 299 என்றார். இரண்டாவதாக வந்தவரும் அதே வார்த்தை, ஒட்டி வைத்த மாதிரி. ராத்திரி பதினொன்றரைக்கு மூன்றாவதாக ஒருவர் வந்தார், அவர்தான் சைட்டுக்கு யார் வந்து போனார்கள் என்று பதிவாகும் லாகைத் திறந்து பார்த்தார். கூட்டம் அவ்வளவு இல்லை மேம், உங்கள் லாகின் பக்கத்தை ஏதோ ரோபோக்கள் விடாமல் தட்டிக்கொண்டிருக்கின்றன, அதோடு ஒவ்வொருவர் வரும்போதும் உங்கள் சைட் பக்கத்தை முதலிலிருந்து சமைக்கிறது, சமைத்த பக்கத்தை எடுத்து வைத்துக் கொடுக்கும் கேஷ் பிளகின் போடுங்கள், லாகினுக்குத் தடை போடுங்கள் என்றார். இரண்டும் இலவசம். போட்டேன், நின்றது, சீசன் முடியும்வரை 508 திரும்ப வரவில்லை.

ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரே சர்வரில் பலருடைய சைட் இருக்கும், தோட்டத்து லயம் மாதிரி. ஒரே கூரை, வரிசையாக வீடு, எல்லோருக்கும் பொதுவான ஒரு குழாய். விளம்பரத்தில் அளவில்லாத இடம், அளவில்லாத போக்குவரத்து என்பார்கள், குழாயில் ஒரு நேரத்தில் எத்தனை குடம் வைக்கலாம், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கையை என் சைட் கவனிக்கலாம் என்பதற்கு மட்டும் கணக்கு உண்டு, என் பிளானில் அது 20. அந்த எண் விலைப் பலகையில் இல்லை, சிபேனலின் வலது ஓரத்தில் இருக்கிறது. வாங்குமுன் அதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மெயில் பற்றி ஒரு வார்த்தை. சைட்டின் படிவத்தில் வந்த ஆர்டர் விசாரணைகள் முதல் இரண்டு வாரம் என் ஸ்பேமில் கிடந்தன. எந்த சர்வர் என் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரியை டொமைன் அமைப்பில் சேர்த்து, மெயிலை எஸ்எம்டிபி என்ற முறையான மெயில் வழியில் அனுப்ப வைத்தபின் சரியானது. அதற்குள் ஒன்பது பேர் பதில் வராமல் போய்விட்டார்கள், அதில் ஒருவர் கல்யாணத்துக்கு நாலு கிலோ கேட்டிருந்தார். இன்னமும் வலிக்கிறது. பேக்கப் வாரம் ஒருமுறை எடுக்கிறார்கள், ஆனால் உத்தரவாதம் இல்லை என்று விதியில் எழுதியிருக்கிறார்கள், நான் ஞாயிறுதோறும் ஒரு பிரதியை லேப்டாப்பில் இறக்கிக்கொள்கிறேன்.

மார்க் போடச் சொன்னால், டொமைன் கம்பெனிக்கு ஐந்துக்கு நாலரை. ஹோஸ்டிங்குக்கு மூன்று, அதில் ஒன்று அந்தப் பதினொன்றரை மணி ஆளுக்கு. சைட் நின்றதாக நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான், வேகம் குறை சொல்லும்படி இல்லை, சீசனில் சைட் வழியாக 41 ஆர்டர் வந்தது, போட்ட காசு முதல் மாதமே எடுத்தாகிவிட்டது. ஆனாலும் ஆவணியில் 4,659 கட்டப்போவதில்லை. டொமைன் என் கையில் தனியாக இருப்பதால் ஃபைலையும் டேட்டாபேஸையும் எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் வைத்துவிட்டு நேம்சர்வரின் இரண்டு வரியை மாற்றினால் போதும், சரியான இடம் எது என்று இப்போதிருந்தே விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் சேட்டன் கடைக்கு வந்தார். தார் பூசிய சுவரைப் பார்க்க அவருக்கே பிடிக்கவில்லையாம். கடைக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தோம், அவருடைய பழைய பெயர் டாட் இன்னில் காலியாகத்தான் இருக்கிறது. “ஞாயிற்றுக்கிழமை கடை அடைச்சப்புறம் வாங்க சேட்டா, உங்க கார்டும் உங்க மெயில் பாஸ்வேர்டும் கொண்டு வாங்க” என்றேன். பாஸ்வேர்டு மகனுக்குத்தான் தெரியும், அவன் எர்ணாகுளத்தில் இருக்கிறான் என்றார். அப்படியானால் முதலில் புது மெயில் ஐடி, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.